முப்பத்தேழாவது நகர்த்தல்

மார்ச் 4, 1992

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. உன் கடைக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் உன் முதலாளிதான் எடுத்தார். மூன்று முறையும் நீ உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நீ அவர் பக்கத்தில்தான் நிற்கிறாய் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. பொய் சொல்ல வராத மனிதரை ஏன் இப்படிப் படுத்துகிறாய்? சரி, பேச வேண்டாம். எழுதுகிறேன். கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பும் அளவுக்கு உனக்குப் பொறுமை கிடையாது என்று எனக்குத் தெரியும்.

சதுரங்கக் கழகத்திலிருந்து எனக்கு வந்த தாள் உனக்கும் வந்திருக்கும். கடைசிச் சுற்றில் நாம் இருவரும் மோதிய ஆட்டம் பேசி வைத்து ஆடியது என்று, நம்மோடு போட்டியில் ஆடிய அந்த நர்ஸ் புகார் கொடுத்திருக்கிறாள். அவளுக்கும் எனக்கும் அரைப் புள்ளிதான் வித்தியாசம். நான் உன்னிடம் தோற்றிருந்தால் அவள்தான் முதலிடம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த அந்த நிரந்தர வேலையும் அவளுக்குத்தான். வயிறு எரியத்தானே செய்யும். அவள் இடத்தில் நான் இருந்தாலும் எழுதிப் போட்டிருப்பேன்.

இருபத்தைந்தாம் தேதிக்குள் நாம் இருவரும் அந்த ஆட்டத்தைத் தனித்தனியாக அலசி, அவரவர் கையெழுத்தில் அனுப்ப வேண்டுமாம். எந்த நகர்த்தலில் என்ன நினைத்தோம், ஏன் ஆடினோம், எத்தனை நிமிடம் எடுத்தோம், எல்லாம். அதற்குப் பிறகு விசாரணை. பேசி வைத்ததுதான் என்று முடிவானால் இருவருக்கும் இரண்டு வருடத் தடை. எனக்கு வேலை போகும். உனக்கு வருகிற மே மாதத் தேசிய அணியில் கிடைத்த இடம் போகும்.

நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஆறு நாளாக மதிய இடைவேளையில் வரைபட அலுவலகத்தின் மாடியில், வீணான டிரேசிங் தாளில் கட்டம் போட்டு ஒவ்வொரு நகர்த்தலாகப் பார்க்கிறேன். முப்பத்தாறு வரை நீ ஆடியதில் ஒரு குறையும் இல்லை. என் ராஜாவை மூச்சுத் திணற வைத்திருந்தாய். முப்பத்தேழில் நான் என் ஓரச் சிப்பாயைக் கடைசிக்கு முந்தின கட்டத்துக்குத் தள்ளினேன். உன் யானை அதே வரிசையில் நிற்கிறது. நடுவில் ஒரு காய்கூட இல்லை. போய் அடித்தால் என் கதை முடிந்தது. நேற்று ஆட்டம் கற்றுக்கொண்ட குழந்தைகூட அடித்திருக்கும்.

நீ அடிக்கவில்லை. ராணியை எடுத்து என் ராஜாவுக்கு எதிரே வைத்தாய். அடுத்த நகர்த்தலில் என் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய், செக்கோடு இரண்டாவது ராணியானது. இன்னும் இரண்டு நகர்த்தலில் நீ கை கொடுத்துவிட்டு எழுந்து போனாய்.

போட்டிக்கு முதல் நாள் அம்மா சமையலறையில் உன்னிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அவளுக்கு ஆறு வருஷமா மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுற வேலை. உனக்கு இந்தப் போட்டியில ஆக வேண்டியது ஒண்ணும் இல்ல. கொஞ்சம் பாத்து ஆடேன்." நீ சொன்ன பதில் ஒரே ஒரு வார்த்தை. பார்க்கலாம்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சரி என்றாவது சொல்லியிருக்கலாம். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்?

கழகத்துக்கு என்ன எழுதுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வோம். எனக்கு மட்டும் உண்மையைச் சொல். விட்டுக்கொடுத்தாயா?

தங்கை

—

மார்ச் 8

வாலுவுக்கு,

'அன்புள்ள' போடவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். நீயும் போடவில்லை.

நர்ஸ் புகார் கொடுத்தாள் என்று எழுதியிருக்கிறாய். எதை வைத்துக் கொடுத்தாள் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டாய். நானே ஞாபகப்படுத்துகிறேன். ஆட்டம் முடிந்து நான் தண்ணீர் குடிக்க வராந்தாவுக்கு வந்தேன். நீ பின்னாலேயே ஓடி வந்து, இருபது பேர் நிற்கிற இடத்தில், "எனக்குப் பிச்சை போட்டியா?" என்று கத்தினாய். நர்ஸ் உனக்கு மூன்றடி தள்ளி நின்றாள். அவள் புகார் கொடுக்காமல் வேறு என்ன செய்வாள், மாலை போடுவாளா? ஜெயித்த கையோடு தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்ட ஒரே ஆட்டக்காரி நீதான்.

உன் கேள்விக்குப் பதில்: விட்டுக்கொடுக்கவில்லை. கவனிக்கத் தவறிவிட்டேன். கடிகாரம் முடிவதற்குள் நாற்பது நகர்த்தல் ஆடியாக வேண்டும். என்னிடம் ஐந்து நிமிடம்தான் மிச்சம். நெருக்கடியில் தப்பு நடக்கும். எல்லோருக்கும் நடக்கும். கழகத்துக்கும் இதைத்தான் எழுதப் போகிறேன். நீயும் உன் பங்குக்கு நல்ல பிள்ளையாக எழுதி அனுப்பு. வேலை ஆர்டரை வாங்கிக்கொள்.

பார்க்கலாம் என்றால் அம்மா வாயை மூடுவதற்காகச் சொல்வது. முப்பத்தைந்து வருடமாக நான் அம்மாவிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்துக்கும் முதலில் அதைத்தான் சொன்னேன்.

அடுத்தவர் கண்ணுக்குக் கண்ணாடி செய்கிறவள் கண்ணெதிரே இருந்த சிப்பாயைப் பார்க்கவில்லை என்று கடையில் ஏற்கெனவே கிண்டல் செய்கிறார்கள். போன வாரம் ஒரு பெரியவரின் லென்ஸில் கோணத்தைத் தொண்ணூறு பாகை தள்ளித் தேய்த்துவிட்டேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கி, கடைசிப் படியைத் தேடிக் காலை நீட்டினார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. முதலாளி புது லென்ஸை எடுத்துக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

என்னைத் தொந்தரவு செய்யாதே.

அக்கா

—

மார்ச் 11

அக்காவுக்கு,

கத்தியது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நீ நழுவப் பார்க்கிறாய்.

நெருக்கடி என்கிறாய். நான் ஆட்டத் தாளில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் இரண்டு கடிகாரத்திலும் இருக்கிற நேரத்தை எழுதுகிற வழக்கம் உனக்குத் தெரியும். நீதான் கேலி செய்வாய், ரயில்வே கால அட்டவணை என்று. அந்த அட்டவணை இப்போது என் முன்னால் இருக்கிறது. முப்பத்தேழுக்கு முன்னால் உன்னிடம் ஐந்து நிமிடம் இருந்தது. ஆடி முடித்தபோது இரண்டு நிமிடம். அந்த ஒரு நகர்த்தலுக்கு மூன்று நிமிடம் யோசித்திருக்கிறாய் அக்கா. நெருக்கடியில் கவனிக்கத் தவறுகிறவர்கள் மூன்று செகண்டில் தவறுவார்கள். மூன்று நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு யாரும் எதையும் தவறவிட மாட்டார்கள். கழகத்தில் இருக்கிறவர்களுக்கும் இது தெரியும். என் தாளை அவர்கள் நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள். நெருக்கடி என்று நீ எழுதினால் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வாய்.

இன்னொன்று. நான் சிப்பாயைக் கடைசிக் கட்டத்தில் வைத்துவிட்டு, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரிடம் இன்னொரு ராணி கேட்டேன். அவர் பக்கத்து மேசைக்குப் போனார். அப்போது நீ தலையைத் தூக்காமல் மிக மெதுவாக ஒன்று சொன்னாய். "அது எப்படி?" என்றாய். யாருக்கும் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. இதுவரை யாரிடமும் நான் சொல்லவில்லை. நடிக்கிறாய் என்றுதான் அப்போது நினைத்தேன். அதனால்தான் வராந்தாவில் ரத்தம் தலைக்கேறியது.

மூன்று நிமிடம் நீ என்ன யோசித்தாய்? தங்கைக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்றா?

எனக்கு ஒரு பதில் போதும். கொடுத்தேன் என்று சொல். நான் கோபப்பட மாட்டேன். அம்மா சொன்னாள், நீ இரக்கப்பட்டாய், அவ்வளவுதான். அக்கா தங்கைக்குள் இது ஒன்றும் கொலைக்குற்றம் இல்லை. நீ சொல்லாவிட்டால் நானே கழகத்துக்கு எழுதிவிடுவேன், அக்கா விட்டுக்கொடுத்தாள், எனக்கு முன்கூட்டியே தெரியாது என்று. வேலை போனால் போகட்டும். பிச்சையாக வந்த நாற்காலியில் முப்பது வருடம் உட்கார என்னால் முடியாது. உன் தேசிய அணி என்ன ஆகும் என்பதையும் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பதினெட்டாம் தேதி வரை பொறுத்திருப்பேன்.

தங்கை

—

மார்ச் 14

வாலு,

மிரட்டுகிறாயா? மிரட்டு. ஆனால் நீ கழகத்துக்கு எழுதப் போவது பொய். அதைத் தெரிந்துகொண்டு எழுது.

நெருக்கடி என்று நான் சொன்னதும் பொய்தான். நிஜத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. உன் அத்தான் தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன், சனி மத்தியானம். அவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்த மறுநாளே அலச உட்கார்ந்தேன். பலகையில் முப்பத்தேழாவது நிலையை வைத்தால் அரை செகண்டில் தெரிகிறது, யானை சிப்பாயை அடிக்க வேண்டும் என்று. மூன்று நிமிடம் எதைப் பார்த்தேன் என்று எனக்கே புரியவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பயந்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே போயிற்று. உன் கடிதத்தில் அந்த "அது எப்படி?" வந்ததும்தான் பொறி தட்டியது.

வீட்டில் நம்மிடம் இருந்த காய்ப்பெட்டியில் பக்கத்துக்கு ஒரே ஒரு ராணி. ஒரு நாள் உன் சிப்பாய் கடைசிக்கு வந்துவிட்டது. உன் ராணியும் பலகையில் இருந்தது. நீ ஒரு மருந்து பாட்டில் மூடியைக் கொண்டுவந்து இதுதான் இரண்டாவது ராணி என்று வைத்தாய். நான் மூடியை ஜன்னலுக்கு வெளியே வீசினேன். நீ என் கையைக் கடித்தாய். அம்மா வந்து இருவர் முதுகிலும் ஒன்று போட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "ஒரு வீட்டுல ரெண்டு ராணி கிடையாது. வெளிய செத்துக் கிடக்குற காய்ல ஒண்ணை எடுத்து வை." அம்மாவுக்குக் குதிரை எப்படிப் போகும் என்றே தெரியாது. ஆனாலும் அன்றிலிருந்து நம் வீட்டில் அதுதான் சட்டம். வெளி ஆட்களோடு ஆடப் போகும்வரை எட்டு வருடம் அப்படியேதான் ஆடினோம்.

இப்போது அந்த மூன்று நிமிடத்தைக் கேள். நீ சிப்பாயைத் தள்ளினாய். நான் பலகைக்கு வெளியே பார்த்தேன். உன் காய்களில் வெட்டுப்பட்டுக் கிடந்தது ஒரு குதிரை, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள். ராணி பலகையில் இருக்கிறது. ஆக உனக்குக் கிடைப்பது குதிரை அல்லது மந்திரி. மந்திரி வந்தால் அது வெள்ளைக் கட்டத்தில் பிறந்து வெள்ளையிலேயே ஓடும், உன் ராஜாவை மடக்கும் என் மேட் விழப் போவது கறுப்புக் கட்டத்தில், ஆகவே அதனால் தடுக்க முடியாது. குதிரை வந்தால் அது மூலையிலிருந்து இரண்டு தாவலில் எங்கே வரும் என்று ஒவ்வொரு வழியாகப் போட்டுப் பார்த்தேன். எப்படி வந்தாலும் ஒரு நகர்த்தல் தாமதம். சிப்பாயை அடிப்பதைவிட மேட் போடுவது வேகம் என்று முடிவு செய்து, நிம்மதியாக ராணியை நகர்த்தினேன்.

குதிரைக்காக மூன்று நிமிடம் கணக்குப் போட்டிருக்கிறேன். பதினெட்டு வருடமாகப் போட்டிகளில் ஆடுகிறேன். எத்தனையோ பேர் எனக்கு எதிரே இரண்டாவது ராணி எடுத்திருக்கிறார்கள், நானே எடுத்திருக்கிறேன். வேறு யார் எதிரே உட்கார்ந்திருந்தாலும் எனக்கு இது நடந்திருக்காது. உன் முகம், நீ கன்னத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்த விதம், எல்லாம் சேர்ந்து அந்தச் சில நிமிடம் நான் போட்டி மண்டபத்தில் இல்லை.

இதைக் கழகத்துக்கு எழுதினால் என்ன ஆகும்? தேசிய அணிக்குப் போகிறவளுக்குச் சிப்பாய் என்ன ஆகும் என்பது மறந்துபோயிற்று என்று சிரிப்பார்கள். நம்பவும் மாட்டார்கள். அதனால் நெருக்கடி என்றே எழுதலாம் என்று நினைக்கிறேன். நம்பாவிட்டாலும் கௌரவமான பொய்.

ஒன்று கேட்கிறேன். முப்பத்தாறில் நீ ராணிகளை மாற்றிக்கொண்டிருக்கலாமே. மூச்சுத் திணறுகிற ராஜாவை வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் முதலில் ராணிகளைத்தான் மாற்றுவார்கள். நீ சிறு வயதிலிருந்தே மாற்றுகிற ஆள். ஏன் ராணியைப் பின்னால் இழுத்துக்கொண்டாய்? விசாரணையில் இதைக் கேட்பார்கள், பதிலை யோசித்து வை.

அக்கா

—

மார்ச் 17

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அலுவலக மாடிப்படியில் நின்று படித்தேன். முதல் தடவையிலேயே நம்பிவிட்டேன். கழகம் நம்பாவிட்டாலும் நான் நம்புகிறேன், ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான்கு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

முப்பத்தாறைப் பற்றிக் கேட்டாயே. நான் முதல் கடிதத்தில் அலசலை முப்பத்தேழிலிருந்துதான் ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் போக எனக்குத் துணிவில்லை.

போன வருடம் அம்மா வீட்டில், மழைக்கு வெளியே போக முடியாமல் நாம் ஆடினோம், ஞாபகம் இருக்கிறதா? என் சிப்பாய் கடைசிக்கு வந்தது. நீ பேப்பர் படித்துக்கொண்டே, "ராணி இருக்கே, வேற எதாவது எடு" என்றாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் குதிரையை எடுத்து வைத்தேன். நீ ஜெயித்தாய். நீ என்ன சொன்னாய் என்பதே உனக்குத் தெரியவில்லை. நான் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன். எதற்கு என்று அன்றைக்குத் தெரியாது, சத்தியமாக.

கடைசிச் சுற்றில் முப்பத்தாறாவது நகர்த்தலில் அது ஞாபகம் வந்தது. ராணிகளை மாற்றினால் என் ராணி பலகையை விட்டுப் போய்விடும். நம் வீட்டுச் சட்டப்படியே சிப்பாய் ராணியாகலாம். நீ உஷாராகி அதைத் தடுத்துவிடுவாய். என் ராணி பலகையில் இருந்தால் மட்டும்தான் நீ அந்தச் சிப்பாயைக் கண்டுகொள்ள மாட்டாய். அதனால் ராணியை இழுத்துக்கொண்டேன். நல்ல நகர்த்தல் என்று நினைத்து இல்லை, பலகையை நான் பார்க்கவே இல்லை. உன்னைத்தான் பார்த்தேன்.

இன்னும் இருக்கிறது. சிப்பாயைத் தள்ளியபோது மேசையில் அதை இரண்டு தட்டுத் தட்டினேன். வீட்டில் சிப்பாய் கிட்டே வந்தால் தட்டிவிட்டு "வரேன்" என்போமே, அதே தட்டு. வாயைத் திறந்தால் நடுவர் எழுந்து வருவார், அதனால் தட்டியதோடு நிறுத்தினேன். உன்னை மண்டபத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று தெரிந்தேதான் தட்டினேன். நீ வந்தாய்.

இது நிஜமாகவே பலித்தபோது ஜெயித்த சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை. உன்னிடமிருந்து திருடிவிட்டேன் என்றுதான் தோன்றியது. வராந்தாவில் பிச்சை போட்டியா என்று கத்தினேன் இல்லையா? திருடியதைவிட வாங்கியது மேல் என்று பட்டது. இந்த இரண்டு வாரமாக, கொடுத்தேன் என்று சொல் சொல் என்று உன் உயிரை வாங்கியதும் அதற்குத்தான். நீ கொடுத்ததாகிவிட்டால் நான் எடுக்கவில்லை என்று ஆகிவிடும்.

விதியில் இதற்குத் தடை எதுவும் இல்லை. எத்தனையோ பேர் எதிராளியின் பலவீனத்தைப் பார்த்து ஆடுகிறார்கள். ஆனால் நான் பார்த்தது எதிராளியின் பலவீனத்தை இல்லை.

திட்டுவதென்றால் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

வாலு

—

மார்ச் 20

வாலு,

உன் கடிதம் வந்து ஒரு நாள் முழுக்க உன் மேல் எனக்கு வந்த கோபம் இந்தத் தாள் தாங்காது. உன் அத்தான் இரண்டு தடவை என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மூன்றாம் தடவை கேட்காமல் வெளியே போய்விட்டார், புத்திசாலி.

நீ பொறி வைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் யாராவது இப்படி ஒரு பலவீனத்தைக் காட்டியிருந்தால் நானும் வைத்திருப்பேன். கோபம் வேறு. அம்மா வீட்டில், மழையில், பேப்பரும் கையுமாக உட்கார்ந்து உன்னோடு நான் ஆடினது ஆட்டம் இல்லை. அது சும்மா உட்கார்ந்திருந்தது. அங்கே நான் சொன்னதையும் நீ குறித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், இனி உன் எதிரே நான் எங்கே சும்மா உட்கார்வது? அதை முதலில் யோசி. பதில் வேண்டாம், யோசித்தால் போதும்.

அடுத்தது கழகம். நெருக்கடி கதையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். முழுவதையும் எழுதிவிட்டேன். மருந்து பாட்டில் மூடி, அம்மாவின் தீர்ப்பு, குதிரைக்காகப் போட்ட மூன்று நிமிடக் கணக்கு, ஒவ்வொரு தாவலாக, பதினோரு பக்கம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீயும் முப்பத்தாறை எழுத வேண்டும். அந்த இரண்டு தட்டையும் எழுத வேண்டும். நான் உண்மையும் நீ அரை உண்மையும் எழுதினால் இரண்டும் பொய்யாகிவிடும். எழுதியதால் வேலை போனாலும் என்னைக் கேட்காதே.

மூன்றாவதாக ஒன்று. இதை உன்னிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன், நீ துடிக்கட்டும் என்று. மனம் கேட்கவில்லை.

நேற்றுக் கடை சாத்தியதும் பட்டறை மேசையிலேயே முப்பத்தாறாவது நிலையை வைத்தேன். நீ ராணிகளை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்தேன். உன் ராணி என் ராணியை அடிக்கிறது. நான் திருப்பி அடிக்க வேண்டும். யானையால் அடித்தால் யானை அந்த வரிசையை விட்டு இறங்கிவிடுகிறது. நீ சிப்பாயைத் தள்ளுகிறாய். யானை கடைசி வரிசைக்கு ஓடினால் உன் யானை அதே வரிசையில் அதன் எதிரே வந்து உட்கார்ந்துவிடும். பின்னாலிருந்து துரத்தினால் நீ ஒரு செக் கொடுத்துவிட்டு ராணி எடுப்பாய். ராணி இல்லாமல் என் தாக்குதலும் செத்துவிட்டது. மூன்று மணி நேரம் பார்த்தேன். எனக்குத் தப்ப வழியில்லை.

அந்த நகர்த்தலுக்கு நீ எடுத்த நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்று உன் ரயில்வே அட்டவணையே சொல்லும். உன்னிடம் இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. நேராகவே ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் நீ போய்த் திருடியிருக்கிறாய்.

அக்கா

—

மார்ச் 29

அன்புள்ள அக்கா,

என் விசாரணை முந்தாநாள் முடிந்தது. உன்னுடையது அதற்கு முதல் நாள் முடிந்துவிட்டது என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. மூன்று பேர் இருந்தார்கள். எதிரே உன் பதினோரு பக்கம், என் ஒன்பது பக்கம். தட்டியதை எழுதியிருந்தேன். தலைவர் அந்த இடத்தைப் படித்துவிட்டு மேசையில் தன் விரலால் இரண்டு தடவை தட்டி, இப்படியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

உன்னிடம் பலகை இல்லாமல் அந்தக் குதிரைக் கணக்கைச் சொல்லச் சொன்னார்களாம். நீ கண்ணை மூடிக்கொண்டு எல்லாத் தாவலையும் ஒப்பித்தாயாம். தோற்க வேண்டும் என்று வந்தவள் இல்லாத குதிரைக்காக இவ்வளவு கஷ்டப்பட மாட்டாள் என்று தலைவர் சொன்னார். பேசி வைத்த ஆட்டம் இல்லை, முடிவு செல்லும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தட்டியதற்கு எனக்கு ஓர் எச்சரிக்கை. உன் அணி இடமும் அப்படியே இருக்கிறது. நேற்று எனக்கு ஆர்டர் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டாம்.

நர்ஸ் வாசலில் நின்றிருந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள்தான் கிட்டே வந்து, "உங்க அக்காவுக்கு அந்த மூணு நிமிஷம் நான் எதிர்ல இருந்திருந்தா வந்திருக்காதுல்ல" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் தலையாட்டினேன். அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

நீ எழுதிய முதல் விஷயத்துக்குப் பதில் வேண்டாம் என்றாய். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்று மட்டும் செய்திருக்கிறேன், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப என் சட்டத்தால வந்த வினையா?" என்றாள்.

இப்போது என் சங்கடத்தைச் சொல்கிறேன். நீ சொன்ன முப்பத்தாறை ஒரு வாரமாகப் பார்க்கிறேன். நீ சொன்னதெல்லாம் சரி. யானையால் அடித்தால் நான் ஜெயிக்கிறேன். ஆனால் அக்கா, மனதில் ஒரு முள். நான் துடிக்கிறேன் என்று தெரிந்து, நீ நேராகவே ஜெயித்திருக்கலாம் என்று நீ எனக்குச் சொல்கிறாய். இதுவும் நீ இரக்கப்பட்டுக் கொடுத்ததுதானோ? எனக்காகவே தேடிக் கண்டுபிடித்து, வேறு வழிகளைப் பார்க்காமல் மூடி வைத்துவிட்டாயோ?

அதனால் ஒன்று கேட்கிறேன். அந்த இடத்திலிருந்து ஆட்டத்தைத் தபாலில் ஆடு. அம்மா சட்டம் இல்லை, கடிகாரம் இல்லை. எனக்கு அந்த ஜெயம் பலகையில் வேண்டும்.

முப்பத்தாறு: என் ராணி உன் ராணியை அடிக்கிறது. உன் முறை.

வாலு

—

ஏப்ரல் 3
தபால் அட்டை

வாலு,

மூடி வைக்கவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. உன் கடிதம் வந்த பிறகு நான்கு நாள் பார்த்தேன்.

உன் ராணியை நான் உடனே அடிக்கவில்லை. அது எங்கும் ஓடிவிடாது. முதலில் குதிரை போகிறது, உன் ராஜாவுக்குச் செக். அங்கிருந்து அதே குதிரை உன் ராணியையும் பார்த்துக்கொண்டிருக்கிறது, அடுத்த தாவலில் அதுதான் அடிக்கும். என் யானை இருந்த இடத்திலேயே இருக்கிறது, உன் சிப்பாயைப் பார்த்தபடி.

நீ ஜெயித்த ஆட்டம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இதை நீ ஜெயிக்க முடியாது. முடியும் என்றால் ஜெயித்துக் காட்டு.

ராஜாவை நகர்த்து.

அக்கா